வெறும் வயிற்றில் வேன் ஏறுகிறவர்களுக்கு ஒரு சொம்பு கூழ்

உடம்புக்கு நல்லது என்று காலையில் நம் கையில் திணிக்கப்படும் பானங்களில் பாதி கசக்கும், மீதி துவர்க்கும். வெந்தயத் தண்ணீர், பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூ டீ, திரிபலா, அருகம்புல். வாய்க்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் வீட்டுக்கு வீடு ஒரே பதில்தான்: "மூக்கைப் பிடிச்சிக்கினு ஒரே மடக்கா குடி." இந்தப் பதிலால் யாருக்கும் உடம்பு தேறி நான் பார்த்ததில்லை. நாலு நாள் குடிப்பார்கள். அப்புறம் டம்ளர் அப்படியே சாக்கடைக்குப் போகும். "உனக்கு உடம்பு மேல அக்கறையே இல்ல" என்று ஒரு சண்டையும் நடக்கும். பிடிக்காத பானத்தைப் பிடிக்கும்படி செய்வது அடுப்படியில் நடக்க வேண்டிய வேலை. அதைக் குடிக்கிறவரின் வைராக்கியத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

ஆம்பூரில் ஒரு டேனரியில் பட்டைத் தோல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டேனரி என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் நினைவு வருவது டிரம்மில் சுழன்று நீலமாக வெளியே வரும் குரோம் தோல்தான். அதற்கு முன்னால் பாலாற்றங்கரைத் தோல் பதமானது ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும். வெள்ளைக்காரர் காலத்தில் மெட்ராஸிலிருந்து கப்பலேறி இங்கிலாந்து போன அந்தத் தோலுக்கு ஈஸ்ட் இந்தியா தோல், சுருக்கமாக ஈ.ஐ. என்று பெயர். வாட்டில் பட்டை எல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

இப்போது சர்க்கரைக்கு நல்லது என்று வீடு வீடாகக் கொதிக்கிற ஆவாரம்பூ அதே செடியின் பூ. திரிபலாவில் உள்ள மூன்று சரக்குகளில் ஒன்று அதே கடுக்காய். தோலைப் பதமாக்குவது அவற்றில் இருக்கும் டானின். அது பச்சைத் தோலுக்குள் இறங்கி அங்குள்ள புரதத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் தோல் அழுகாமல் நிற்கிறது. நம் எச்சிலிலும் புரதம் உண்டு. வாயை வழுவழுப்பாக வைத்திருப்பது அதுதான். கடுக்காய்த் தண்ணீர் உள்ளே போனதும் டானின் அந்தப் புரதத்தைப் பிடிக்கிறது, வழுவழுப்பு போய்விடுகிறது, நாக்கு வறண்டு இழுக்கிறது. தொட்டியில் தோலுக்கு நடப்பதும் வாயில் நமக்கு நடப்பதும் ஒரே வேலைதான்.

காரணம் தெரிந்தால் பரிகாரமும் தெரிந்துவிடும். டானினுக்குப் பிடித்துக்கொள்ள வேறு ஒரு புரதத்தைக் கொடுத்தால் அது எச்சிலை விட்டுவிடும். பால் அதற்குத்தான். கடும் டீ துவர்க்கும், அதே டிகாஷனில் பால் விட்டால் துவர்ப்பு அடங்கிப்போகும். அடுத்தது சூடு. பட்டைச் சாறு இறக்கிப் பழகியவர்களுக்குத் தெரியும், சூடும் நேரமும் கூடக்கூட டானின் அதிகமாக இறங்கும். ஆவாரம்பூவைத் தளதளவென்று பத்து நிமிஷம் கொதிக்கவிடுகிறார்கள், பிறகு குடிக்க முடியவில்லை என்கிறார்கள். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, பூவைப் போட்டு மூடி, இரண்டு மூன்று நிமிஷத்தில் வடிகட்டிவிடுங்கள். தட்டிய ஏலக்காய் ஒன்று, ஒரு கரண்டி பால். சர்க்கரை நோய் இல்லாதவர்கள் கொஞ்சம் பனங்கற்கண்டு போட்டுக்கொள்ளலாம். பால் விட்டால் பலன் போய்விடும் என்று சிலர் தடுப்பார்கள். கொஞ்சம் போகலாம். போனாலும், நாலு நாளில் நிறுத்திவிடுகிற முழுப் பலனைவிட வருஷம் முழுக்கக் குடிக்கிற முக்கால் பலன் பெரிது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூவை நம்பி உட்காராதீர்கள்.

அந்தத் தொட்டியிலிருந்து இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். பட்டைத் தொட்டிப் பக்கம் இரும்புச் சாமான் எதையும் விடமாட்டோம். துருப்பிடித்த ஆணி ஒன்று ஈரத்தோலில் பட்டால் போதும், பட்ட இடத்தில் கன்னங்கரேல் என்று கறை உட்கார்ந்துவிடும். லேசில் போகாது. டானினும் இரும்பும் சேர்ந்தால் மைதான். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்தே எழுதுகிற மை காய்ச்சினார்கள். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண்களுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் பெரும்பாலும் இருப்பது அதே சரக்கின் சுத்தமான வடிவம்.

அந்த மாத்திரையை எங்கள் பக்கத்துப் பெண்கள் எதோடு விழுங்குகிறார்கள் என்று தெரியுமா? டீயோடு.

காலை ஏழு மணிக்கு துத்திப்பட்டு, மின்னூர், மாதனூர், பேரணாம்பட்டு என்று எந்த ஊர் முனையில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள். ஷூ கம்பெனி வேனுக்கும் பஸ்ஸுக்கும் காத்திருக்கும் கூட்டத்தில் பெரும்பகுதி பெண்கள். விடியற்காலையில் எழுந்து சமைத்து, பிள்ளைகளுக்கும் புருஷனுக்கும் கட்டிக் கொடுத்து, தங்களுக்கும் மதியச் சோற்றை டிபன் பாக்ஸில் அடைத்துக்கொண்டு வந்திருப்பார்கள். வயிற்றில் இருப்பது சர்க்கரை தூக்கலாகப் போட்ட ஒரு டம்ளர் டீ. அதோடு மதியம் வரை தையல் மெஷினில் உட்கார வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அந்த வேனில் ஏறுகிறவர்களில் பாதிப்பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா மகள் ஸ்டிச்சிங் பிரிவில் இருக்கிறாள். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்டேன். "டெய்லி போடுறேன் மாமா. தண்ணில போட்டா இரும்பு வாசனை வந்து கொமட்டுது. டீல போட்டா தெரியறதில்ல" என்றாள். அவள் மேல் குற்றமில்லை. வாய்க்குப் பிடிக்காததற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். அந்த வழி, மாத்திரையின் இரும்பில் கணிசமான பங்கை டீயின் டானினோடு கட்டிப்போட்டுவிடுகிறது என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. எலுமிச்சம்பழம் பிழிந்து ஒரு சிட்டிகை உப்புப் போட்ட தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். புளிப்பு அந்த வாசனையை அமுக்குகிறது. எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி இரும்பு உடம்பில் சேரவும் உதவுகிறது. இப்போது அப்படித்தான் போடுகிறாள். டீயை விடச் சொல்லவில்லை. மாத்திரைக்கும் டீக்கும் நடுவில் ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும்.

கசப்புக்கு வருகிறேன். "எனக்குக் கசக்கவே இல்லையே, உனக்கு மட்டும் எப்படிக் கசக்குது?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். 1931-இல் அமெரிக்காவில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற ரசாயன ஆய்வாளர் பி.டி.சி. என்ற ஒரு பொடியைக் கையாண்டபோது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் கடுமையாகக் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கு ஒரு கசப்பும் தெரியவில்லை. வாரிசுவழி வருகிற வித்தியாசம் இது என்று பிற்பாடு தெளிவானது. 2003-இல் அதற்கான மரபணுவையே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரே டம்ளர் சாறு மாமியாருக்கு ஒருவிதமாகவும் மருமகளுக்கு வேறுவிதமாகவும் இருப்பது நடிப்பில்லை. அதைப் புரிந்துகொண்டாலே பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

கசப்பை எப்படி அடக்குவது என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ரமலான் மாதத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், பேரணாம்பட்டு எங்கும் பள்ளிவாசல்களில் அண்டா அண்டாவாக நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறார்கள். அதற்கென்று தமிழக அரசே அரிசி கொடுக்கிறது. அஸர் தொழுகை நேரத்துக்கு அந்தத் தெருக்களில் போனால் புதினா வாசனை வரும். பிள்ளைகள் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பார்கள். அதில் மதம் பார்க்கிறவர்கள் எங்கள் ஊரில் இல்லை. அந்தக் கஞ்சியில் வெந்தயம் இருக்கிறது. விடிந்ததும் ஊறவைத்த தண்ணீரோடு முகத்தைச் சுளித்து விழுங்குகிறோமே, அதே வெந்தயம். கஞ்சியில் அதை யாராவது குறை சொல்லி நான் கேட்டதில்லை. இன்னொரு கிண்ணம்தான் கேட்பார்கள்.

காரணம் பக்குவம். அரிசி நொய்யும் பாசிப்பருப்பும் குழைந்து வெந்தயத்தைச் சுற்றிக்கொள்கின்றன. தேங்காய்ப்பால் வழவழப்பாக நாக்கில் படிந்து கசப்பைத் தள்ளி நிறுத்துகிறது. இஞ்சி, பூண்டு, பட்டை, புதினா என்று மூக்குக்கு வேறு வேலை வந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேல் உப்பு. கசப்பை அடக்கச் சர்க்கரைதான் வேண்டும் என்று நினைக்கிறோம். உப்பு கசப்பை அடக்கி மற்றச் சுவைகளை மேலே கொண்டுவருகிறது என்று பிரெஸ்லின், போஷாம்ப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பாகற்காயை உப்புப் போட்டுப் பிசறிப் பிழிகிற நம் பெண்களுக்கு இது புதிதல்ல. வெந்தயத் தண்ணீர் பிடிக்காதவர்கள் காலையில் ஒரு கைப்பிடி நொய், அரைக் கைப்பிடி பாசிப்பருப்பு, அரை ஸ்பூன் வெந்தயம், நாலு பல் பூண்டு வேகவைத்து, அளவாக உப்பும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் விட்டு நீர்க்கக் குடித்துப் பாருங்கள். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பைக் குறைத்து எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம்.

பாகற்காய்ச் சாற்றுக்கு மோரும் உப்பும் எலுமிச்சையும் போதும். அருகம்புல் விஷயத்தில் ருசியைவிட அது முளைத்த இடம்தான் முக்கியம். தோல் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கின் தீர்ப்பில் எழுதிவைத்திருக்கிறது. மாசு செய்தவர்தான் ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியா முழுக்கச் சட்டமாக நிலைநிறுத்திய தீர்ப்பு அது. 2025 ஜனவரியிலும் அதே ஆற்றுக்காக நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. கழிவு ஓடிய வாய்க்கால் கரையில் பறித்த புல்லை யார் சாறு பிழிந்து கொடுத்தாலும் நான் வாயில் வைக்கமாட்டேன். நீங்களும் வைக்காதீர்கள். வீட்டுத் தொட்டியில் வளர்த்த புல் என்றால் இஞ்சித் துண்டும் எலுமிச்சையும் சேர்த்து அரைத்துக் குடிக்கலாம்.

நிலவேம்புக் குடிநீரையும் இந்த வரிசையில் சேர்த்துவிடுகிறார்கள். 2012-லும் 2017-லும் டெங்கு பரவியபோது பஸ் ஸ்டாண்டிலும் பள்ளியிலும் அதை ஊற்றினார்கள். ஒன்பது சரக்கு சேர்ந்த மருந்து அது. மருந்தை ருசியாக்கித் தினம் குடிக்க வேண்டியதில்லை. சித்த மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாளைக்கு, கசப்போடு குடித்துவிட்டு நிறுத்த வேண்டும்.

தினமும் காலையில் குடிக்க எங்கள் வட ஆற்காட்டு மண்ணுக்குக் கூழ் இருக்கிறது. கேழ்வரகு மாவைக் கரைத்து ஒரு ராத்திரி புளிக்கவைக்க வேண்டும். மறுநாள் நொய்யை வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றி, கட்டி விழாமல் துடுப்பால் துழாவ வேண்டும். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். அதை ஒரு ராத்திரி பானையில் வைத்து, காலையில் கையால் கரைத்து, மோர் விட்டு, உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டால் கூழ். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அரிசியோ கோதுமையோ பக்கத்தில் வராது. புளிப்பதால் தானியத்தில் சத்தைக் கட்டிவைத்திருக்கும் பைட்டேட் உடைகிறது.

இத்தனை இருந்தும் இளம்பெண்கள் கூழ் என்றால் முகம் திருப்புகிறார்கள். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும்போது மட்டும் கையேந்தி வாங்கிக் குடிப்பார்கள். வீட்டில் வேண்டாம். கேட்டால் புளிப்பு வாடை, பச்சை மாவு வாசனை என்று சொல்வார்கள். கோயில் கூழுக்கும் வீட்டுக் கூழுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் பக்கத்தில் இருக்கும் தொடுகறிதான். ஆடிக் கூழுக்கு முருங்கைக்கீரைப் பொரியலும் கருவாட்டுக் குழம்பும் இருக்கும். வீட்டில் வெறும் கூழை நீட்டுகிறோம். மோர் மிளகாய் வறுத்து வையுங்கள், கீறிய மாங்காயோ உப்பில் ஊறிய நெல்லிக்காயோ வையுங்கள், கத்தரிக்காயைச் சுட்டு ஒரு துவையல் அரையுங்கள். ஒரு வாய் கூழ், ஒரு கடி மாங்காய் என்று போனால் சொம்பு காலியாவது தெரியாது. புளிப்பு அறவே ஆகாதவர்களுக்குக் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து, வாசனை வர வறுத்து அரைத்து வையுங்கள். முளைக்கும்போது மாவுச்சத்தில் ஒரு பங்கு சர்க்கரையாக மாறுவதால் கஞ்சிக்குத் தானே ஓர் இனிப்பு வரும், வெல்லம் கொஞ்சம் போதும். மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். வெந்நீரில் கொட்டினால் கட்டி கட்டியாக நிற்கும், பச்சை வாசனையும் போகாது.

கூழ் குடித்தால் இரத்தசோகை போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு மாத்திரை வேண்டும், கீரையும் முட்டையும் கறியும் வேண்டும். மதியம் வரை வயிறு காயாமல், தலை சுற்றாமல் மெஷினில் உட்கார வைக்கும் அளவுக்குக் கூழுக்குத் தெம்பு உண்டு. இங்கே கம்பெனிகள் முன்வர வேண்டும். விடிவதற்கு முன்னால் எழுந்து நாலு பேருக்குச் சமைக்கிற பெண்ணிடம், உனக்கென்று தனியாகக் கூழும் துவையலும் செய் என்று சொல்வது அவள் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. நாடாளுமன்றம் 2020-இல் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 100 பேர் என்று இறக்கியிருக்கிறது. கேன்டீன் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது. எல்லை தாண்டி ஆந்திராவில் 2023 மார்ச்சிலிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வெல்லம் போட்ட ராகி ஜாவா கொடுக்கத் தொடங்கினார்கள். கர்நாடகத்தில் 2024-இல் பள்ளிப் பாலில் ராகி மால்ட் கலந்தார்கள். பிள்ளைகளுக்காக அரசாங்கம் செய்ததை உலகச் சந்தைக்கு ஷூ தைக்கும் தாய்மார்களுக்காகக் கம்பெனிகள் செய்ய முடியும்.

இதை நான் சொன்னபோது, மாதனூரிலிருந்து வரும் ஒரு பெண் சொன்ன பதிலை மறைக்காமல் எழுத வேண்டும். "கூழு குடிச்சா நல்லாத்தான் இருக்கும்ணா. அப்புறம் ரெண்டு தடவை எழுந்து போகணும். லைன்ல இருந்து எழுந்தா சூப்பர்வைசர் மொறைக்கிறாரு. அதுக்கு பயந்தே தண்ணிகூட கொறச்சிதான் குடிக்கிறோம்." கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டு நிற்க வேண்டிய இடத்தில் எந்த நல்ல பானத்தைப் பற்றியும் பேசிப் பயனில்லை. முதலில் அது மாற வேண்டும்.

ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி ஷூ கம்பெனி முதலாளிகளையும் மேலாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன். வேன் வந்து நிற்கும் கேட் பக்கத்தில் காலையில் ஒரு அண்டா கூழோ முளைகட்டிய ராகிக் கஞ்சியோ வையுங்கள். பக்கத்தில் மோர் மிளகாயும் மாங்காயும் நெல்லிக்காயும் வையுங்கள். அந்தத் தொடுகறிகளை வீண் செலவு என்று கணக்குப் பிள்ளை வெட்டினால் அண்டா அப்படியே திரும்பி வரும். காலை டீயைப் பத்து மணிக்குத் தள்ளுங்கள், மாத்திரை போடுகிறவர்களுக்கு எலுமிச்சைத் தண்ணீர் கொடுங்கள். கழிப்பறைக்குப் போக யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று லைனில் எழுதி ஒட்டுங்கள். அடுத்த ஆடி மாதத்துக்கு முன்னால் ஒரு கம்பெனியாவது இதைத் தொடங்கட்டும்.